சொற்கேட்கும் கண்ணாடி



முகம் காட்டும் கண்ணாடியை நாம் அனைவரும் அறிவோம். அது தன்மேல் விழுந்த ஒளியை ஒரே ஒரு விதிக்குக் கட்டுப்பட்டுத் திருப்பியனுப்புகிறது. அசையாமல் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, நாம் இட்ட ஆணைப்படி அலைகளை இன்று ஒரு திசைக்கும் நாளை வேறொரு திசைக்கும் அனுப்பும் கண்ணாடி ஒன்று உண்டு என்றால் நம்புவீர்களா? உண்டு. ஒளிக்கு மட்டுமன்று, செல்பேசியும் வானொலியும் பயன்படுத்துகின்ற மின்காந்த அலைகளுக்கும் அத்தகைய கண்ணாடிகளை இன்று விஞ்ஞானிகள் சமைத்திருக்கின்றனர். அவற்றின் வரலாறே இன்றைய பேச்சின் பொருள். அவ்வரலாற்றின் ஓரத்தில் ஆசிரியனாகிய என்னுடைய பிழை ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனையும் மறைக்காமற் சொல்வேன்.

நான் உடன்குடியில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் ஊருக்கு ஒருபுறம் மன்னார் வளைகுடா. மறுபுறம் பனைகள் நிறைந்த செம்மணல் தேரி. நான் சிறுவனாக இருந்த நாளில் ஊரில் வானொலிப் பெட்டி வைத்திருந்தோர் சிலரே. கடைத்தெருவில் கருப்பட்டி மண்டி ஒன்றில் ஒரு பெட்டி இருந்தது. மாலையில் அதைச் சுற்றி ஒரு கூட்டம் கூடும். இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு அக்காலத்தில் எங்கள் கடற்கரை முழுவதையும் ஆட்கொண்டிருந்தது. கொழும்பு எங்களுக்குக் கடல்வழியே சுமார் 260 கிலோமீட்டர் தொலைவுதான். பகலில் அறிவிப்பாளரின் குரல் பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல் தெளிவாகக் கேட்கும். இரவு ஏறியதும் அதே குரல் சில வேளைகளில் பொங்கும். சில வேளைகளில் தேயும். பின்னர் மீண்டும் பொங்கும். "குரல் கடலைத் தாண்டி வருகிறதல்லவா? அலை உயர்ந்தால் உயரும், தாழ்ந்தால் தாழும்" என்று என் தாத்தா விளக்கம் சொல்வார். நானும் அதைப் பல ஆண்டுகள் நம்பியிருந்தேன்.

தாத்தா சொன்னது முற்றிலும் தவறன்று. அலைதான் காரணம்; ஆனால் கடலலை அன்று. கொழும்பில் புறப்பட்ட மத்திய அலை, உப்புநீரின்மேல் தவழ்ந்து ஒரு வழியில் எங்களை அடைந்தது. இரவில் அதே அலை வானத்தில் ஏறி, அங்கிருந்து எதிரொளித்து இரண்டாவது வழியிலும் வந்தது. இரண்டு அலைகளின் முகடுகளும் ஒன்றாகச் சேரும்போது குரல் வலுத்தது. ஒன்றின் முகடும் மற்றொன்றின் பள்ளமும் சந்தித்தபோது குரல் மெலிந்தது. மாணவர்களே, இந்தச் சிறு செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இன்று நான் சொல்லப்போகும் அனைத்தும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

வானத்தில் அலையைத் திருப்பும் பொருள் யாது? 1901 டிசம்பர் 12 அன்று மார்க்கோனி, இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பெற்ற கம்பியில்லாத் தந்திக் குறியை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நியூபவுண்ட்லாந்தில் கேட்டதாக அறிவித்தார். அறிஞர்கள் திகைத்தனர். ஒளியைப் போன்றே நேர்கோட்டில் செல்லவேண்டிய அலை, உருண்டையான பூமியை வளைந்து கடந்தது எவ்வாறு? மறு ஆண்டிலேயே, 1902-இல், அமெரிக்காவில் கென்னல்லியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் தனித்தனியே ஒரு விடை கூறினர். வானில் மின்னூட்டம் பெற்ற அடுக்கு ஒன்று இருத்தல் வேண்டும். அது அலைகளைக் கீழ்நோக்கித் திருப்புகிறது என்பதே அவ்விடை. 1924-இல் ஆப்பிள்டன் சோதனையால் அதனை மெய்ப்பித்தார். அதன் பொருட்டு 1947-இல் நோபெல் பரிசும் பெற்றார். அதே 1947-இல் கல்கத்தாவில் சிசிர் குமார் மித்ரா எழுதிய மேல் வளிமண்டலம் பற்றிய பெருநூல் வெளிவந்து, உலகெங்கும் அத்துறை மாணவர்களுக்கு வழிகாட்டியாயிற்று.

அந்த அடுக்கையே அயனி மண்டலம் என்கிறோம். கதிரவனின் ஒளி காற்றின் அணுக்களிலிருந்து மின்னணுக்களைப் பிரித்தெடுப்பதால் அது உண்டாகிறது. பகலில் அதன் அடித்தட்டு மத்திய அலைகளை விழுங்கிவிடுகிறது. இரவில் அடித்தட்டு மறைய, மேலடுக்குகள் கண்ணாடியாகின்றன. எங்கள் திருநெல்வேலிச் சீமைக்கு இதில் தனிச் சிறப்பு உண்டு. புவியின் காந்த நடுக்கோடு எங்களுக்கு அண்மையில் செல்கிறது. அக்கோட்டின்மேல், சுமார் 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில், பகல்நேரத்தில் வலிமையான மின்னோட்டம் ஒன்று பாய்கிறது. அதனை ஆராய்வதற்கு ஏற்ற இடமாகிய தும்பாவிலிருந்தே 1963 நவம்பர் 21 அன்று நம் நாட்டின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் ஏவப்பெற்றது. திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடம் அமைந்ததும் இக்காரணத்தால்தான்.

இந்த வானக்கண்ணாடி மிகப் பெரியது, விலையற்றது. ஆயினும் அதற்கு ஒரு குறை உண்டு. அது நம் சொற்கேளாது. கதிரவன் சினந்தால் அது கலங்கும். பொழுது சாய்ந்தால் மாறும். ஆகவே மனிதன் தானே கண்ணாடி செய்ய முற்பட்டான். 1946 ஜனவரியில் அமெரிக்கப் பொறியியலாளர்கள் சந்திரனையே கண்ணாடியாகக் கொண்டு, ரேடார் அலையை அதன்மீது எறிந்து எதிரொலி பெற்றனர். 1960 ஆகஸ்டில் எக்கோ என்னும் பெயருடைய பெரும் பலூன் ஒன்று விண்ணில் விடப்பட்டது. சுமார் 30 மீட்டர் குறுக்களவுள்ள அந்தப் பந்தின்மேல் அலுமினியம் பூசப்பட்டிருந்தது. அதன்மேல் அலைகளை வீசி, கண்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பேசினர். ஆனால் பந்து அலைகளை எல்லாத் திக்கிலும் சிதறடித்தது. கேட்போனுக்குக் கிட்டியது அணுவளவே. அதுவும் சொற்கேளாக் கண்ணாடிதான்.

இனி என் பிழையைச் சொல்கிறேன்.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளியில் பௌதிகம் கற்பித்துக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் கரும்பலகையில் சமதளக் கண்ணாடியை வரைந்து, "படுகோணமும் மீள்கோணமும் சமம்" என்று எழுதினேன். கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். அவன் தந்தையார் பனையேறும் தொழிலாளி. "சார், கண்ணாடியைத் திருப்பாமலே வெளிச்சத்தை வேற பக்கம் அனுப்ப முடியாதா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "விதி என்றால் விதிதான். தேர்வில் இப்படி எழுதினால் முட்டைதான் கிடைக்கும்; உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். அதன்பின் அவன் என் வகுப்பில் வினா எழுப்பியதாக எனக்கு நினைவில்லை.

அவன் கேட்டதற்கு விடை, எங்கள் கடலின் அடியிலேயே கிடந்தது. தூத்துக்குடிப் பார்களில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. முத்துச்சிப்பியின் உட்புறத்தை வெயிலில் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? இளஞ்சிவப்பும் பச்சையும் மாறிமாறித் தோன்றும். அந்த நிறம் சாயத்தால் வந்ததன்று. அதன் பொருள் வெறும் சுண்ணாம்பே. ஒளியலையின் நீளத்தோடு ஒப்பிடத்தக்க மெல்லிய தகடுகளாக அது அடுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் மீளும் ஒளி சற்றே பிந்துகிறது. முகடுகள் ஒத்துச்சேர்ந்த நிறம் ஒளிர்கிறது; ஒவ்வாத நிறம் மறைகிறது. கொழும்பு வானொலியின் குரல் பொங்கியதும் தேய்ந்ததும் எக்காரணத்தாலோ, அக்காரணமே இதற்கும் என்பதைக் காண்க. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புரூஸ்டர் என்னும் அறிஞர், சிப்பியை மெழுகில் அழுத்தி எடுத்தபோது மெழுகின்மேலும் வண்ணம் தோன்றக் கண்டார். மேற்பரப்பின் நுண்ணிய வரிகளும் நிறத்தை உண்டாக்கும் என்பது அதனால் தெளிவாயிற்று. திருச்சிராப்பள்ளியில் பிறந்த நம் சர் சி. வி. ராமன் 1934-இல் சிப்பிகளின் இவ்வண்ண ஒளியை விரிவாக ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார். பொருள் எது என்பது மட்டுமன்று, அது எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கிறது என்பதும் அலையின் போக்கை ஆளும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இப்பாடத்தைக் கண்ணுக்குப் புலப்படாத அலைகளுக்கு முதன்முதலில் பொருத்திப் பார்த்தவர்களுள் தலையாயவர் ஜகதீச சந்திர போஸ். அவர் 1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். இந்தியர் என்பதால் ஊதியம் குறைத்துத் தரப்பட்டது. மூன்றாண்டுகள் அவர் அதனைப் பெற மறுத்தே பணிபுரிந்தார். ஆய்வுக்கூடம் எனத்தக்க வசதி அங்கு இல்லை. சிறிய அறை ஒன்றில், ஊர்க் கொல்லர்களைக் கொண்டு தாமே கருவிகள் செய்துகொண்டார். மார்க்கோனி நீண்ட அலைகளை நாடியபோது போஸ் எதிர்த்திசையில் நடந்து, 5 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகிய அலைகளை உண்டாக்கினார். அலை குறுகினால் கருவியும் குறுகும். ஒளியின் பண்புகளை எல்லாம் ஒரு மேசையின்மேலேயே சோதிக்கலாம் என்பது அவர் கருத்து.

அவர் கையாண்ட பொருள்களைக் கேட்டால் வியப்படைவீர்கள். இரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் தாள்களுக்கிடையே வெள்ளீயத் தகடுகளைச் செருகினார். அப்புத்தகம் மின்னலைகளுள் ஒரு தளத்தில் அதிர்வனவற்றை விட்டு, மற்றவற்றைத் தடுத்தது. 1898-இல் அவர் இன்னும் ஒரு படி சென்றார். சணல் நாரை முறுக்கிக் கட்டுகளாக்கி, அவற்றினூடே அலையைச் செலுத்தினார். வலப்புறம் முறுக்கிய சணல் அலையின் அதிர்வுத் தளத்தை ஒருபுறம் திருப்பியது; இடப்புறம் முறுக்கியது மறுபுறம் திருப்பியது. எங்கள் உடன்குடிக் கருப்பட்டியிலுள்ள சர்க்கரையைத் தெளிந்த கரைசலாக்கி ஒளியைச் செலுத்தினால், அதுவும் ஒளியின் தளத்தைத் திருப்பும். சர்க்கரையின் மூலக்கூறு இயற்கையாகவே முறுக்குடையது. அந்த மூலக்கூறின் வேலையைப் போஸ் சணலைக்கொண்டு செய்வித்தார். பொருளில் இயல்பாக இல்லாத ஒரு பண்பை, மனிதன் தன் கையால் அடுக்கிய அமைப்பினால் உண்டாக்கிய முன்னோடிச் சோதனைகளுள் அது ஒன்று என இன்றைய அறிஞர் போற்றுகின்றனர்.

அவ்விதை நம் மண்ணில் உடனே முளைக்கவில்லை. அதற்கு எவரையும் பழிப்பது எளிது, ஆனால் நியாயமன்று. மிகக் குறுகிய அலைகளைக் கொண்டு கடல் கடந்து செய்தியனுப்ப அன்று வழியில்லை. உலகம் நீண்ட அலைகளின் பின் சென்றது. போஸும் தம் கவனத்தைச் செடிகொடிகளின் உணர்ச்சியின்பால் திருப்பினார். சணற்கட்டு நூலகத்தின் அலமாரியில் உறங்கிற்று.

1963-இல், தும்பாவில் ராக்கெட் எழுந்த அதே நவம்பர் மாதத்தில், பெர்ரி, மாலெக், கென்னடி என்னும் மூவர் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வளைந்த கிண்ணத்திற்குப் பதிலாகச் சிறுசிறு உறுப்புகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றும் அலையை வெவ்வேறு அளவு தாமதித்துத் திருப்பும்படி அமைத்தால், அலைகளை வேண்டிய இடத்தில் குவிக்கலாம் என அவர்கள் காட்டினர். 1967-இல் சோவியத் அறிஞர் வெசெலாகோ, ஒளியை வழக்கத்திற்கு மாறாக வளைக்கும் பொருளைக் கணிதத்தால் கற்பனை செய்தார். 2000-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் பென்ட்ரியும் அமெரிக்காவில் ஸ்மித்தும் அத்தகைய அமைப்புகளுக்கு உருக்கொடுத்தனர். 2011-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கபாசோவின் குழுவினர், சமதளப் பரப்பின்மேல் நுண்ணிய உறுப்புகளைப் பதித்து, படுகோணத்திற்குச் சமமில்லாத கோணத்தில் ஒளியை மீளச் செய்தனர். பள்ளியில் நாம் கற்கும் விதி, பரப்பு எங்கும் ஒரேமாதிரி இருக்கும்போது மட்டுமே உண்மையாகும். பரப்பு மாறினால் விதியும் விரியும்.

அச்செய்தியை ஒரு நூலில் படித்த நாள் எனக்கு நன்கு நினைவிருக்கிறது. கடைசி வரிசையில் எழுந்து நின்ற அந்த மாணவன் கண்முன் தோன்றினான். அவன் கேட்டது தவறான வினாவன்று. நான் அறியாத வினா.

இது நிகழும் விதத்தை விளையாட்டு மைதானத்தைக் கொண்டு விளக்கலாம். பத்து மாணவர் ஒரே வரிசையாக நடந்து சென்று சுவரைத் தொடுகின்றனர். அனைவரும் ஒரே கணத்தில் திரும்பி நடந்தால் வரிசை நேராகவே மீளும். முதல் மாணவன் உடனே புறப்பட, இரண்டாமவன் ஓரடி நேரம் தாமதித்தும், மூன்றாமவன் ஈரடி நேரம் தாமதித்தும் புறப்பட்டால் வரிசை சாய்ந்துவிடும். அலையின் முகப்பு சாய்ந்தால் அலை செல்லும் திசையும் மாறும். சுவர் அசையவில்லை, திருப்பத்தின் தாமதம் மட்டுமே மாறியது. அந்தத் தாமதத்தை நாம் நினைத்தபோதெல்லாம் மாற்றமுடியுமானால் கண்ணாடி சொற்கேட்கும் அல்லவா?

2014-இல் சீன நாட்டில் சூயி தியேஜுன் என்பவரின் குழுவினர் அதனைச் செய்துகாட்டினர். ஒவ்வொரு சிறு கட்டத்திலும் ஒரு டயோடு. மின்னழுத்தம் கொடுத்தால் ஒரு நிலை. எடுத்துவிட்டால் மற்றொரு நிலை. கணிப்பொறி பூச்சியம், ஒன்று என்று ஆணையிட, பரப்பு அதற்கேற்ப அலையைத் திருப்பியது. பின்னர் இப்பரப்புகளைச் செல்பேசித் தொடர்புக்குப் பயன்படுத்தும் கணித முறைகள் பல நாடுகளில் வளர்ந்தன. 2020 ஜனவரியில் ஜப்பானிய நிறுவனங்கள் இரண்டு, என்டிடி டோகோமோவும் ஏஜிசியும், ஒளி ஊடுருவும் சன்னற்கண்ணாடியைப் போன்ற பரப்பைச் செய்து, 28 கிகாஹெர்ட்ஸ் அலையை அது ஒரு நிலையில் திருப்பவும் மற்றொரு நிலையில் ஊடுருவ விடவும் கூடும் எனச் சோதித்தன. 2021-இல் ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனம் இதற்கெனவே ஒரு குழுவை அமைத்தது.

இதன் தேவையையும் சொல்லவேண்டும். 2022 அக்டோபர் 1 அன்று நம் நாட்டில் ஐந்தாம் தலைமுறைச் செல்பேசிச் சேவை தொடங்கிற்று. அவ்வாண்டு ஏலம் விடப்பட்ட அலைவரிசைகளுள் 26 கிகாஹெர்ட்ஸ் வரிசையும் ஒன்று. அதன் அலைநீளம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம். ஏறத்தாழ போஸ் தம் மேசையின்மேல் ஆண்ட அதே அலை! நூறாண்டுகளுக்குமேல் கழித்து உலகம் அவர் சென்ற வழிக்குத் திரும்பியிருக்கிறது. இக்குறுகிய அலைகள் ஏராளமான செய்தியைச் சுமக்கும். ஆனால் சுவரைத் துளைக்க மாட்டா; மூலை திரும்ப மாட்டா; ஒரு மனிதன் குறுக்கே நின்றாலும் தடைப்படும். அங்கேதான் சொற்கேட்கும் கண்ணாடி வேண்டியிருக்கிறது. ஒரு சதுர மீட்டர் பலகையில், அரை அலைநீளத்திற்கு ஒன்றாக, சுமார் 30,000 கட்டங்கள் அமைக்கலாம். எல்லாக் கட்டங்களிலிருந்தும் மீளும் அலைகளின் முகடுகள் கேட்போனிடம் ஒருங்கே சேருமாறு செய்தால், கட்டங்கள் இரு மடங்காகும்போது கிடைக்கும் ஆற்றல் நான்கு மடங்காகும்.

இதனை மந்திரம் என்று நீங்கள் எண்ணிவிடலாகாது. அலை கோபுரத்திலிருந்து பலகைக்கும், பலகையிலிருந்து செல்பேசிக்கும் இரு பயணம் செய்கிறது. இரண்டிலும் இழப்பு உண்டு. பலகை புதிய ஆற்றல் எதனையும் சேர்ப்பதில்லை. கேட்போன் எங்கே இருக்கிறான் என்பதை ஒவ்வொரு கணமும் அறியவேண்டும். அலையைப் பெற்றுப் பெருக்கி அனுப்பும் பழைய கருவியே பல இடங்களில் போதுமானது என்று கூறும் பொறியியலாளரும் உண்டு. ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை; ஆகவேதான் உங்களுக்கு அதில் இடமிருக்கிறது.

இதனை நான் வெறும் அறிவுச் செய்தியாகச் சொல்லவில்லை. கொள்ளைநோய்க் காலமாகிய 2020-ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் செல்பேசி வழியே நடந்தன. அப்போது நான் ஓய்வுபெற்றிருந்தேன். ஒரு காலை தேரிப்பக்கம் நடந்து சென்றபோது, மணல்மேட்டின் உச்சியில் ஆறேழு பிள்ளைகள் குடைபிடித்து அமர்ந்திருக்கக் கண்டேன். அவர்களுடைய சிற்றூர் மேட்டின் மறைவில், அலையின் நிழலில் இருந்தது. "கீழே கோடு ஒண்ணுகூட இல்ல, தாத்தா. இங்கனதான் டீச்சர் பேசுறது கேக்குது" என்றாள் ஒரு சிறுமி. செம்மணல் சுடத் தொடங்கியதும் அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து இறங்கினர். பாடம் இன்னும் முடிந்திருக்கவில்லை. அச்சிற்றூருக்கு முதலில் வேண்டுவது ஒரு கோபுரமே என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் கோபுரம் நட்டாலும் நிழல் விழும் இடங்கள் எங்கும் உண்டு. அந்நிழல்களுக்கு அலையைக் கொண்டுசேர்க்கும் வழியைக் காண்பவன், ஒரு பாடத்தையேனும் ஒரு குழந்தைக்கு மீட்டுத் தருகிறான்.

2022 மே மாதத்தில் சென்னை ஐ.ஐ.டி. தலைமையில் எட்டு உயர்கல்வி நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய ஐந்தாம் தலைமுறைச் சோதனைக்களம் நாட்டுக்கு அளிக்கப்பட்டது. 2023 மார்ச்சில் ஆறாம் தலைமுறைக்கான பாரதத் தொலைநோக்கு ஆவணம் வெளியாயிற்று. எங்கள் ஊருக்கு அடுத்த குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று விண்கலம் ஏவும் தளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கருவிகள் வருகின்றன, களங்கள் அமைகின்றன. வினா எழுப்பும் பிள்ளைகள் வேண்டும். அவ்வினாவைச் சிரித்துத் தள்ளாத ஆசிரியரும் வேண்டும்.

மாணவச் செல்வங்களே, விதியை மனப்பாடம் செய்யுங்கள். தேர்வுக்கு அது தேவை. ஆனால் அவ்விதி எந்த எல்லைக்குள் உண்மை என்பதையும் கேளுங்கள். ஆசிரியர் உட்காரச் சொன்னால் உட்காருங்கள். வினாவை மட்டும் உட்காரவைத்துவிடாதீர்கள். என் பழைய மாணவன் இன்று எவ்வூரில் இருக்கிறானோ அறியேன். இவ்வொலிபரப்பு அவன் செவியை எட்டுமாயின், முப்பது ஆண்டுகள் தாமதமாக அவனுக்கு என் விடை இது: முடியும், தம்பி. கண்ணாடியைத் திருப்பாமலே முடியும்.